முடி வீட்டுக்குப் போகும் நேரம்

ஆகஸ்ட் 29, திங்கள்

இன்று கணக்குப் பரீட்சைக்குப் பாதி வகுப்பு பென்சில் கொண்டுவரவில்லை. நான் கொண்டுபோயிருந்தேன். தலையில்.

எனக்கு எதற்கு ஜாமெட்ரி பாக்ஸ்? இந்தச் சுருட்டைக் காட்டில் ஒரு பென்சிலைச் செருகினால் ரயில் குலுங்கினாலும் விழாது, நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாலும் விழாது. காதுக்கு மேலே பென்சில்கள், பின்மண்டையில் பேனாக்கள், நடு உச்சியில் ஒரு சின்ன ஸ்கேல், கோயில் கொடிமரம் மாதிரி. "ஜேடீன், ஒன்னு குடுடீ" என்று யாராவது கிசுகிசுத்தால் தலையைச் சாய்ப்பேன். அவர்களே பிடுங்கிக்கொள்ளலாம். பக்கத்து பெஞ்சு அகோனா இதற்கு 'தலைமைப் பென்சில் வங்கி' என்று பெயர் வைத்திருக்கிறாள். கிளைகள் கிடையாது. இலைகள் மட்டும் அவ்வப்போது மாட்டும்.

வங்கி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது துணை முதல்வர் மிஸ் ஏப்ரல் உள்ளே வந்தார்.

மிஸ் ஏப்ரலின் தலை, இஸ்திரி போட்ட மேசை விரிப்பு. ஒரு இழை நகராது. எங்கள் பள்ளியில் ஒரு விதி உண்டு: முடி படிந்திருக்க வேண்டும். படித்திருக்க வேண்டும் என்பதைவிட இது முக்கியம். என் முடிக்கு இரண்டும் வராது.

மிஸ் என் பின்னால் நின்று பென்சில்களை ஒவ்வொன்றாக உருவி மேசையில் வைத்தார். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. அதுதான் விசித்திரம். கடைசிப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"பென்சிலத் தலைல வைக்கிற விளையாட்ட உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல மிஸ். சொந்த மூளை. அதுக்கு மேலதான் வச்சிருந்தேன்."

வகுப்பு வெடித்தது. எனக்கு மஞ்சள் சீட்டு: 'முடி ஒழுங்கீனம்'. அகோனாவுக்கும் ஒன்று, சிரித்ததற்கு. அவள் சிரித்தால் பின்னலில் கோர்த்த மணிகள் கலகலக்கின்றன, அது தனிக் குற்றமாம்.

குடும்பப் பெயரில் அவர் ஏப்ரல். நான் செப்டம்பர். பூமியின் இந்தத் தென்பாதியில், எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு முழுக் குளிர்காலமே கிடக்கிறது.

ஆகஸ்ட் 31, புதன்

நம்பவே முடியவில்லை. எனக்கு மைக் கிடைத்துவிட்டது!!

செப்டம்பர் 23 பாரம்பரிய நாள் கலைநிகழ்ச்சி. தொகுப்பாளர் தேர்வுக்குப் பதினோரு பேர் போனோம். எல்லோரும் "அன்பார்ந்த பெற்றோர்களே" என்று ஆரம்பித்தார்கள். நான் ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் ஆரம்பித்தேன்: "பயணிகள் கவனத்திற்கு. மிட்செல்ஸ் ப்ளெய்ன் செல்லும் ரயில் தாமதமாக வரும். காரணம், ரயிலே இன்னும் உங்களோடு நின்று அடுத்த ரயிலுக்காகக் காத்திருக்கிறது." இசை வாத்தியார் மிஸ்டர் க்ளூட்டி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்தது கதை.

எட்டாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து இந்த வாய்க்காக எத்தனை தடவை வராந்தாவில் நின்றிருப்பேன். பேசியதற்காக வெளியே அனுப்பிய வாயை, இப்போது பேசு என்று உள்ளே கூப்பிடுகிறார்கள். இதைவிட எனக்கு வேறெதுவும் வேண்டாம். நிஜமாக.

ஆனால் ஒரு 'ஆனால்' இருக்கிறது. வராந்தாவில் மிஸ் ஏப்ரல் நிறுத்திச் சொன்னார்:

"மேடை ஏறுற அன்னைக்கு முடி படிஞ்சிருக்கணும், செப்டம்பர். இல்லன்னா மைக் தேர்வுல ரெண்டாவதா வந்த கெய்ட்லினுக்கு."

"மிஸ், அது பாரம்பரிய நாள்."

"அதனால?"

"என் பாரம்பரியம் கொஞ்சம் மேல் நோக்கி வளருது மிஸ்."

இரண்டாவது மஞ்சள் சீட்டு.

செப்டம்பர் 1, வியாழன்

என் மாதம் பிறந்துவிட்டது. யாரும் வாழ்த்தவில்லை.

செப்டம்பர் 4, ஞாயிறு

இன்று எழுத யோசனையாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் எப்போதும் போல டாடி தெருமுனையிலிருந்து சூடாகக் கூசிஸ்டர் பலகாரம் வாங்கிவந்தார். விரலெல்லாம் பாகு, தேங்காய்த் துருவல். மம்மி அடுப்படியில் தன் ஞாயிறு வேலையில் இருந்தாள்: முடி கழுவி, காயவைத்து, இழுத்து, இஸ்திரி போட்டு, மண்டையைச் சுற்றி ஒரே பக்கமாக வாரி, மேலே பழைய ஸ்டாக்கிங்கை இழுத்து மாட்டுவது. ஆம், காலில் போடுகிற நைலான் ஸ்டாக்கிங். ஒரு கால் வெட்டினால் ஒரு தலைக்கு ஆச்சு. மறுநாள் கழற்றினால் முடி கண்ணாடி மாதிரி படிந்திருக்கும். மம்மி காப்பீட்டுக் கம்பெனியில் வரவேற்பு மேசை. அங்கே கண்ணாடிக் கதவு, கண்ணாடி மேசை, எனவே தலையும் கண்ணாடி.

இதற்கு ஒரே எதிரி ஈரம். மழை, மூடுபனி, கடல், வியர்வை. ஈரக்காற்று பட்டால் போதும், போட்ட இஸ்திரியெல்லாம் வீண், முடி சுருண்டு எழுந்துகொள்ளும். எங்கள் பக்கத்தில் அதை 'முடி வீட்டுக்குப் போயிடுச்சு' என்போம். மம்மி எங்கே போனாலும் குடையோடு போவது மழைக்குப் பயந்து அல்ல. அவள் கடலில் இறங்கி நான் பார்த்ததே இல்லை. டாடி வழுக்கை. இந்தப் போரில் அவர் நடுநிலை நாடு.

நான் பென்சில் வங்கிக் கதையை நடித்துக் காட்டினேன். மிஸ் ஏப்ரல் குரல், உருவுகிற கை, எல்லாம். முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுப் பார்க்கிறேன், யாரும் சிரிக்கவில்லை. டாடி மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

"பென்சிலா," என்றாள் மம்மி.

"ஆமா. ஏன்?"

"இத இவளுக்கு நாம சொன்னதே இல்லையா?" என்று டாடியைப் பார்த்தாள். டாடி இல்லை என்று தலையை ஆட்டினார்.

அப்புறம் ஸ்டாக்கிங் தலையோடு உட்கார்ந்து சொன்னாள். தாத்தாவுக்கு ஒரு தங்கை இருந்தாளாம். டோரீன். மம்மிக்கு அத்தை. எனக்கு அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாது.

"அந்தக் காலத்துல, ஆள நிறம் பாத்துப் பிரிக்கிற வெள்ளைக்காரச் சட்டம் இருந்தப்ப, யார் வெள்ளை, யார் நம்மாளுன்னு சந்தேகம் வந்தா ஆபீசுக்குக் கூப்பிடுவாங்க. முடில ஒரு பென்சில செருகுவாங்க. விழுந்தா வெள்ளை. நின்னா இல்ல. அதுக்கேத்த மாதிரி வீடு, பள்ளிக்கூடம், வேலை, பஸ்ஸு, பெஞ்சு, எல்லாம்."

"பென்சிலா? நிஜமாவா? சும்மா ஒரு பென்சில்?"

"தாத்தாவையும் டோரீனையும் சேந்துதான் கூப்பிட்டாங்க. மறுநாள் அழகாப் போகட்டுமேன்னு அவங்கம்மா டோரீனுக்கு மட்டும் ராத்திரி ஸ்டாக்கிங் போட்டு விட்டிருக்கா. சர்ச்சுக்குப் போற மாதிரி. வேற ஒரு திட்டமும் இல்ல. தாத்தா தலைல பென்சில் நின்னுச்சு. டோரீன் தலைல வழுக்கித் தரைல விழுந்துச்சு."

ஒரே வயிறு. ஒரே ஆபீஸ். ஒரே பென்சில்.

டோரீன் அந்தப் பக்கம் போய்விட்டாள். வேலை, கல்யாணம், எல்லாம் அந்தப் பக்கம். ரயில் நிலையத்தில் தாத்தாவைப் பார்த்தால் கடிகாரத்தைப் பார்ப்பாளாம்.

"நீ பாத்திருக்கியா மம்மி?"

"ஒரே தடவ. தாத்தாவ அடக்கம் பண்ணின அன்னைக்கு. அப்பவே அந்தச் சட்டமெல்லாம் போயி வருஷக்கணக்காயிருந்துச்சு. கார்ல வந்தா. கல்லறைல அன்னைக்கு நல்ல மூடுபனி. கார்க் கண்ணாடி வழியாவே பாத்துட்டு, இறங்காமப் போயிட்டா."

"ஏன் இறங்கல?"

மம்மி கையைத் தூக்கித் தன் ஸ்டாக்கிங்கைத் தொட்டாள்.

செப்டம்பர் 5, திங்கள்

பென்சில்களைப் பையில் வைத்துக் கொண்டுபோனேன். "வங்கி திவாலா?" என்றாள் அகோனா. விடுமுறை என்றேன்.

மிஸ் ஏப்ரலுக்கு அந்தப் பென்சில் சோதனை தெரிந்திருக்கிறது. அதனால்தான் அப்படிக் கேட்டார். தெரிந்தும் ஏன் என் தலையைப் படியச் சொல்கிறார்? ஒன்றும் புரியவில்லை.

செப்டம்பர் 13, செவ்வாய்

ஜெல் பரிசோதனை. டப்பாவில் 'புயலுக்கும் அசையாது' என்று போட்டிருந்தது. முழு டப்பாவையும் காலியாக்கினேன். எட்டு மணிக்குத் தலை படிந்திருந்தது. ஒன்பது மணிக்கும் படிந்திருந்தது. இடைவேளைக்கு மணி அடித்தபோது மொத்த முடியும் ஒரே துண்டாக, பானை மூடி திறப்பது போல, முன்னாலிருந்து மெதுவாக எழுந்து நின்றது. தட்டினால் சத்தம் வந்தது. மிஸ்டர் க்ளூட்டி அது எந்த சுருதி என்று கண்டுபிடிக்க முயன்றார்.

மிஸ் ஏப்ரல் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, சீட்டுப் புத்தகத்தை எடுத்து, என்னவோ நினைத்து, திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 14, புதன்

அகோனாவோடு சண்டை.

சலூன் வைத்திருக்கும் மெர்ல் ஆன்ட்டியிடம் போய் முடியை இஸ்திரி போடப் போகிறேன் என்று சொன்னேன். மம்மிதான் ஏற்பாடு. "உன் பேச்ச நான் மேடைல கேக்கணும். ஒரு நாளைக்குத் தலையக் குடுத்துட்டு வாயக் காப்பாத்திக்கோ," என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அகோனாவுக்குப் படவில்லை. "பாரம்பரிய நாளாம்! எல்லாரும் அவங்கவங்க துணியப் போட்டுட்டு வாங்க, தலைய மட்டும் வீட்ல வச்சுட்டு வாங்கன்னு சொல்றாங்க. நீயும் சரி சரின்னு கழட்டி வைக்கிற."

"எனக்கு மைக் வேணும்டீ."

"எனக்கும் நீதான் மைக் பிடிக்கணும். நீன்னா நீ. உன் தலையோட."

"உனக்கென்ன, நீ ஆடப்போற. உன்ன யாரும் மாத்தப் போறதில்ல. எனக்கு கெய்ட்லின் வரிசைல நிக்கறா."

மணிகள் கலகலக்க எழுந்து போய்விட்டாள். மதியச் சாப்பாட்டில் என் கேட்ஸ்பி ரொட்டியில் பாதியைக்கூடக் கேட்கவில்லை. நிலைமை தீவிரம்.

செப்டம்பர் 16, வெள்ளி

கேட்ஸ்பி கேட்டாள். பேசிக்கொண்டோம். தலையைப் பற்றி மட்டும் பேசவில்லை.

செப்டம்பர் 22, வியாழன்

எழுத்து கோணிக் கோணிப் போகிறது. பயத்தில் இல்லை. சிரிப்பை அடக்கி அடக்கி.

மெர்ல் ஆன்ட்டியின் சலூன் அவர் வீட்டு கார் ஷெட். கார் தெருவில், நாற்காலிகள் ஷெட்டில். சாயங்காலம் மம்மியும் நானும் போனோம். கரண்ட் எட்டு மணிக்குப் போகும், அதற்குள் முடிக்க வேண்டும் என்று ஆன்ட்டி அவசரப்பட்டார்.

உள்ளே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை, முழங்கால்கள் ஒட்டி, முதுகு நேராக. தலையில் ஸ்டாக்கிங். அவித்த முட்டைக்கு மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி.

முட்டை திரும்பியது.

மிஸ் ஏப்ரல்.

நானும் அவரும் பார்த்துக்கொண்ட அந்தப் பார்வையை வாழ்நாளில் மறக்க மாட்டேன். மம்மி சட்டென்று நிமிர்ந்து, "குட் ஈவினிங் மிஸ்" என்றாள். "குட் ஈவினிங், மிஸஸ் செப்டம்பர்" என்றது ஸ்டாக்கிங்.

"இங்க மிஸ்ஸும் இல்ல மிஸஸும் இல்ல," என்றார் மெர்ல் ஆன்ட்டி, என்னை நாற்காலியில் அழுத்திக்கொண்டே, மம்மி பக்கம் திரும்பி. "எல்லாம் ஈரத் தலைங்கதான். இந்த யோலாண்டா மூணாவது தெருக்காரிதானே பெவ், உனக்குத் தெரியாதா? வேலைக்குச் சேந்ததுலேருந்து வாராவாரம் வர்றா. என் கடையில வாயும் இஸ்திரியும் ஒன்னு. சூடானா உடனே மூடி வச்சிடுவேன், யார் வர்றாங்கன்னு வெளிய போகாது."

மிஸ் ஏப்ரல் சுவரில் இருந்த நாட்காட்டியைப் படிக்க ஆரம்பித்தார். அதில் போன வருஷத்து மாதம் தொங்கியது.

ஆன்ட்டி என் முடியைப் பிரித்து இழுத்தார். மண்டை ஓடு கூடவே வந்துவிடும் போலிருந்தது. சூடான இரும்பு காதருகே வந்ததும் வழக்கம்போல, "காது!" என்றார்.

நான் காதை மடக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னால் மம்மி தன் காதை மடக்கிப் பிடித்திருக்கிறாள். அவள் பக்கத்தில் துணை முதல்வர் தன் காதை மடக்கிப் பிடித்திருக்கிறார். யாரும் அவர்களைக் கேட்கவே இல்லை.

நான் சிரித்துவிட்டேன். மம்மியும். மிஸ் ஏப்ரல் அவசரமாகக் கையை இறக்கினார். ஆனால் உதடு ஒரு ஓரத்தில் துடித்தது, நான் பார்த்தேன்.

அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்: "மிஸ், அந்த விதிய நீங்களா எழுதினீங்க?"

"நான் வர்றதுக்கு முன்னாலேருந்தே இருக்கு." பிறகு கண்ணாடியைப் பார்க்காமலே சொன்னார்: "நான் முதல் இன்டர்வியூவுக்குப் போன அன்னைக்கு மழை. பஸ் ஸ்டாப்லேருந்து கேட்டு வரைக்கும் தலைல பிளாஸ்டிக் பையக் கவுத்துக்கிட்டு ஓடினேன். கேட்டுல கழட்டி மடிச்சு ஹேண்ட்பேக்ல வச்சேன். வேலை கிடைச்சுது. பை இன்னும் ஹேண்ட்பேக்ல இருக்கு."

"எனக்கும் இருக்கு மிஸ்," என்றாள் மம்மி.

இருவரும் கைப்பையைப் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் எடுத்துக் காட்டவில்லை.

அப்போது கரண்ட் போனது. என் தலை சரியாகப் பாதி முடிந்திருந்தது. இடப்பக்கம் நேர்முடிக் கெய்ட்லின், வலப்பக்கம் நான். ஆன்ட்டி அசரவில்லை. கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, பழைய இரும்புச் சீப்பை அதில் காய்ச்சி மீதியை முடித்தார். எல்லோரும் போன் டார்ச்சைப் பிடித்தோம்.

நான் பிடித்தது டார்ச்சை மட்டும் இல்லை, மிஸ் ஏப்ரலையும், போனில்.

படம் ரொம்பத் தெளிவாக வந்திருக்கிறது. ஸ்டாக்கிங்கின் குதிகால் மடிப்பு வரைக்கும்.

செப்டம்பர் 23, வெள்ளி, காலை ரயிலில்

தலையில் குளியல் தொப்பி. அதன் மேல் ஸ்கார்ஃப். அதன் மேல் மம்மியின் குடை, ரயிலுக்குள்ளேயே. எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் தன் மேல் ஒழுகுகிறதா என்று கூரையைப் பார்த்தார்.

அகோனாவுக்குப் படத்தைக் காட்டினேன். பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "உன் தலைல கை வச்சா, நீ இதுல கை வை. அவ்வளவுதான்டீ. அவங்களால ஒன்னும் பண்ண முடியாது."

மிஸ் ஏப்ரலால் முடியாது. மிஸ் ஏப்ரலின் முடியால்தான் முடியாது. ஹா.

ஆயுதம் கோட்டுப் பையில் இருக்கிறது. மலைமேல் மேகம் மேசை விரிப்பு விரித்துக்கொண்டிருக்கிறது. அது அங்கேயே இருந்தால் நல்லது.

செப்டம்பர் 24, சனி

அது அங்கேயே இருக்கவில்லை.

டாடி கொல்லையில் கறி சுட நெருப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார். நிஜப் பாரம்பரிய நாள் இன்றுதான், அன்று நாடு முழுக்கச் செய்கிற ஒரே காரியம் இது. அதற்குள் நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நிகழ்ச்சி ஆறு மணிக்கு. கரண்டும் ஆறு மணிக்குப் போனது. ஜெனரேட்டர் மேடை விளக்குக்கும் மைக்குக்கும் மட்டும்தான் தாங்கும். அரங்கம் நிறையக் கூட்டம், மின்விசிறி இல்லை, புழுக்கம். மிஸ்டர் க்ளூட்டி எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டார். மலையிலிருந்து மூடுபனி இறங்கி, டிக்கெட் இல்லாமல், ஒவ்வொரு கதவு வழியாகவும் உள்ளே வந்து உட்கார்ந்தது.

முதல் அறிவிப்பு. என் முடி தோள் வரை படிந்து பளபளத்தது. நானே என்னை அடையாளம் கண்டுபிடித்திருக்க மாட்டேன். "என் பேர் செப்டம்பர்," என்று ஆரம்பித்தேன். "எங்க முன்னோர அடிமையாக் கப்பல்ல கொண்டாந்தாங்க. எந்த மாசம் வந்து இறங்கினாங்களோ அதையே பேரா வச்சுட்டாங்க. நல்ல வேளை, பிப்ரவரில இறங்கல. இறங்கியிருந்தா நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் நான் முழுசா இருப்பேன்." சிரித்தார்கள். என் பக்கத்துத் தெருக்காரர்கள் அதிகமாகச் சிரித்தார்கள். திரை ஓரத்தில் நின்ற இன்னொரு மாதம் சிரித்ததா என்று இருட்டில் தெரியவில்லை.

இரண்டாவது அறிவிப்புக்கு வந்தபோது தோளில் இருந்த முடி காதில் இருந்தது.

மூன்றாவதுக்குக் காதில் இருந்தது காதைவிட்டு வெளியே, இரண்டு பக்கமும் கூரை மாதிரி. முன் வரிசையில் ஒரு குழந்தை கை நீட்டிக் காட்டியது. நான்காவதுக்கு நான் திரையைத் தாண்டுவதற்கு முன்பே முடி தாண்டியது. நான் வாயைத் திறக்கும் முன்பே கைதட்டல். ஒவ்வொரு தடவை உள்ளே போய் வெளியே வரும்போதும், இப்போது எவ்வளவு பெரிதாகியிருக்கும் என்று அரங்கமே காத்திருந்தது. பான்ஜோ கோஷ்டிப் பையன்கள் அதற்கு ஒரு தாளமே போட ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளியின் வரலாற்றில் ஒரு முடிக்குப் பின்னணி இசை இதுதான் முதல்.

ஐந்தாவது அறிவிப்புக்கு வெளியே வந்து நின்றேன். திரை ஓரத்திலிருந்து மிஸ் ஏப்ரலின் குரல், மைக்கில் விழாத அளவுக்கு: "செப்டம்பர். போதும். மைக்க கெய்ட்லின்கிட்ட குடு."

கெய்ட்லின் ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட பாவாடையில் நின்றிருந்தாள். "நான் மாட்டேன் மிஸ்," என்றாள். "அவங்க அவளோட தலையத்தான் பாக்க வந்திருக்காங்க. நான் போனா அடிப்பாங்க."

அப்போதுதான் மிஸ் ஏப்ரலே மைக்கை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு வெளியே வந்தார். நேராக வெளிச்சத்துக்குள்.

அவர் தலையும் வீட்டுக்குப் போயிருந்தது.

முழுசாக. நெற்றி ஓரத்தில் சின்னச் சின்னச் சுருள், உச்சியில் ஒரு மேகம், பின்னால் இன்னும் கொஞ்சம் படிந்து கிடக்க முயலும் பாவப்பட்ட ஒரு பகுதி. அவருக்குத் தெரியவில்லை. அத்தனை நேரமும் இருட்டில் நின்றிருந்தாரே. அரங்கம் பார்த்துவிட்டது. சத்தம் அப்படியே நின்றது. இசைத்தட்டு நின்ற மாதிரி.

அமைதியைப் பார்த்துத்தான் அவருக்குப் புரிந்தது. முகம் மாறியது. ஒரு கை மைக்குக்காக நீட்டியபடி, இன்னொரு கை தானாகத் தோளில் கைப்பையைத் தேடியது. பை தோளில் இல்லை.

என் வாயில் ஏழெட்டு வாக்கியங்கள் வரிசையில் நின்றன. முட்டை, ஸ்டாக்கிங், குதிகால் மடிப்பு. மைக் என் கையில். படம் என் பையில். ஒரே ஒரு வாக்கியம் போதும், திங்கட்கிழமை இந்தப் பள்ளி என்னுடையது. அகோனா திரைக்குப் பின்னாலிருந்து கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தாள், சொல்லு, சொல்லு.

கைப்பையைத் தேடுகிற அந்தக் கை. என்னவோ எனக்கு அந்தக் கார்தான் ஞாபகம் வந்தது. மூடுபனியில், கண்ணாடி ஏற்றி, கதவு திறக்காமல் நிற்கிற கார். நான் அதைப் பார்த்ததே இல்லை. ஆனாலும்.

திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தேன். இருட்டில் வரிசை வரிசையாகத் தாய்மார்கள். பாதிப் பேர் கை தலையில் இருந்தது. பயந்து பயந்து தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் மம்மியும்.

"தாய்மார்களே," என்றேன். "தொட்டுப் பாக்காதீங்க. போயிடுச்சு. எல்லாருக்கும் போயிடுச்சு. நாமதான் இன்னும் இங்க உக்காந்திருக்கோம், நம்ம முடியெல்லாம் எப்பவோ கிளம்பி, ரயிலப் பிடிச்சு, வீட்டுக்குப் போய் செருப்பக் கழட்டி, டீ போட்டுக் குடிச்சிட்டிருக்கு."

முதலில் ஒரே ஒரு சிரிப்பு. மம்மி. அந்தச் சிரிப்பை நான் எங்கேயும் கண்டுபிடிப்பேன், ஜன்னல் கண்ணாடி அதிரும். பிறகு மொத்த அரங்கமும். நாற்காலி தட்டி, பக்கத்தில் இருப்பவள் தோளில் சாய்ந்து, கண்ணீர் துடைத்து. யாரோ ஒரு பெண் கிளிப்பை உருவித் தலையை அவிழ்த்துவிட்டு எழுந்தே நின்றாள். ஆண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி சிரித்தார்கள்.

மிஸ் ஏப்ரல் கை நீட்டியபடியே நின்றிருந்தார். பிறகு நீட்டிய கையை மடக்கித் தன் தலையைத் தொட்டார். மெதுவாக, வேறு யாருடைய தலையையோ தொடுவது போல. சிரிக்கவில்லை. ஆனால் மைக்கையும் வாங்கவில்லை.

"அடுத்த நிகழ்ச்சியச் சொல்லு, செப்டம்பர்," என்றார்.

அடுத்த நிகழ்ச்சி என்னவென்று எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. அகோனாதான் மணி கலகலக்க ஓடிவந்து, "நான்டீ, நான்!" என்றாள்.

ரயிலில் வரும்போது படத்தை அழித்தேன்.

"பைத்தியமா நீ?" என்றாள் அகோனா. "தங்கம்டீ அது! துணை முதல்வர்டீ!"

"துணை முதல்வர் இல்லடீ. ஈரத் தலை."

இப்போது தூறல் போட ஆரம்பித்துவிட்டது. டாடி நெருப்பின் மேல் தகரத்தைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மம்மி கொல்லையில் நின்று கறியைத் திருப்பிப் போடுகிறாள். குடை வாசல் மூலையில் சாய்ந்திருக்கிறது. எடுக்க வருவாள் என்று பார்த்தேன். தலையெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர்.

வரவில்லை.

செப்டம்பர் 26, திங்கள்

காலையில் மறுபடி மூடுபனி. என் தலை தன் இயல்பான பரப்பளவில். வங்கியைத் திறந்துவிட்டேன். நீண்ட விடுமுறைக்குப் பிறகு, எல்லாக் கவுன்ட்டரும்.

கேட்டில் மிஸ் ஏப்ரல் நின்றிருந்தார், தாமதமாக வருகிறவர்கள் பேரை எழுத. எனக்கு மூன்றாவது மஞ்சள் சீட்டு நிச்சயம் என்று தயாராக இருந்தேன். ஒரு நல்ல வாக்கியம்கூட யோசித்து வைத்திருந்தேன்.

குடை இல்லை. முடியை இஸ்திரி போடவில்லை. உச்சியில் மொத்தமாகக் கட்டி விட்டிருந்தார், மேலே ஒரு சின்ன மேகம். கொஞ்சம் அசௌகரியமாக, புதுச் செருப்பு போட்டவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"செப்டம்பர்."

"மிஸ் ஏப்ரல்."

என் தலையைப் பார்த்தார். அதில் இருந்ததையெல்லாம் பார்த்தார். ரொம்ப நேரம். யோசித்து வைத்த வாக்கியம் எனக்கு மறந்துவிட்டது.

"பேனா எழுத மாட்டேங்குது, ஈரத்துல," என்றார். "பென்சில் இருக்கா?"

தலையைச் சாய்த்தேன். அவரே ஒன்றை உருவிக்கொண்டார்.

மூச்சிரைக்க ஓடிவந்த கெய்ட்லின் பேரை எழுதினார். அதன் பிறகு யாரும் வரவில்லை. மணி அடித்தது. திருப்பிக் கொடுப்பார் என்று கையை நீட்டினேன். மிஸ் ஏப்ரல் பென்சிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அதைத் தன் தலையில், காதுக்குச் சற்று மேலே, செருகிக்கொண்டார்.

குனிந்து கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டார். நிமிர்ந்தார். படியேறி உள்ளே போனார்.

பென்சில் விழவில்லை.